நாளுக்கு ஓர் ஏடு

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

யூதர்கள் தங்கள் வேதமான தோராவைத் தினமும் படிப்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்கு எபிரேயம் பேச வரும். மருந்து, சாப்பாடு, கடைத்தெரு, அந்த அளவுக்குத்தான். ஆனால் ஐந்து ஆண்டுக்கு மேலாக, ஒரு முதியவர் நாள் தவறாமல் படிப்பதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்டதையும், கேட்டுத் தெரிந்துகொண்டதையும் உங்களிடம் சொல்கிறேன்.

எனக்குத் தக்கலைப் பக்கம் ஒரு கிராமம். நர்சிங் படித்துவிட்டு, 2016 கடைசியில் இஸ்ரேலுக்கு வேலைக்குப் போனேன். டெல் அவிவை ஒட்டினாற்போல் பினே பிராக் என்று ஓர் ஊர். பக்தியான யூதர்கள் நெருக்கமாக வாழும் ஊர். அங்கே நடக்கச் சிரமப்படும் ஒரு பெரியவரைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. அவருக்கு அப்போது 82 வயது. நாற்பது வருஷம் பழக்கடை வைத்திருந்தவர். பேரப்பிள்ளைகள் ‘சபா’ என்று கூப்பிடுவார்கள். எபிரேயத்தில் தாத்தா என்று அர்த்தம். நானும் சபா என்றே கூப்பிட்டேன்.

முதல் நாள் காலை ஐந்தேகால் மணி. விளக்கைப் போட்டேன். கட்டிலருகே இரண்டு கைப்பிடி வைத்த ஒரு குவளையில் தண்ணீர் இருந்தது. எடுத்து மாறி மாறி இரு கைகளிலும் ஊற்றச் சொன்னார். பிறகு மெல்ல ஏதோ முணுமுணுத்தார். நடுவில் ஓர் இடத்தில் நின்று என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சில மாதம் கழித்துத்தான் அவரே விளக்கினார். அது தோரா படிப்பதற்கு முன் தினமும் காலையில் சொல்லும் ஆசீர்வாதம். ‘தோராவின் வார்த்தைகளில் ஈடுபடும்படி எங்களுக்குக் கட்டளையிட்டவரே’ என்று கடவுளைப் போற்றுவது. அந்த ‘ஈடுபட’ என்பதற்கு எபிரேயத்தில் ‘லஅசோக்’ என்று ஒரு சொல். வியாபாரத்துக்கு அவர்கள் சொல்லும் ‘எசெக்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். “கடைக்காரனுக்குச் சொன்னது மாதிரி இருக்கிறது பார்” என்றார் சபா. “மழை பெய்தாலும் கடை திறக்கணும். ஆள் வரவில்லை என்றாலும் திறக்கணும். மனசு சரியில்லை என்று ஷட்டரை இறக்கிவிட்டால், வாடிக்கை வேறு கடைக்குப் போய்விடும்.”

ஆசீர்வாதத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. உடனே கொஞ்சமாவது படிக்க வேண்டும். அதனால் அந்த இடத்திலேயே சில வசனங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் முதலாவதை சபாவின் மகன் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னபோது உடம்பு சிலிர்த்தது. ‘கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்.’ எங்கள் ஊர்க் கோயிலில் ஆராதனை முடிவில் போதகர் கையை உயர்த்திச் சொல்லும் அதே வசனம். எண்ணாகமம் 6-ஆம் அதிகாரம். சின்ன வயதிலிருந்து அதை முடிவாகக் கேட்டவன் நான். அவர்களுக்கு அது விடியற்காலைப் பாடம். அதை அடுத்து ஒரு பட்டியல் வரும். தாய் தகப்பனைக் கனம்பண்ணுதல், நோயாளியைப் போய்ப் பார்த்தல், ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்தல் என்று நல்ல காரியங்களாகச் சொல்லிக்கொண்டே போய், ‘தோராப் படிப்பு இவை எல்லாவற்றுக்கும் ஈடு’ என்று முடியும். முதல் நாள் என்னைப் பார்த்து நின்றாரே, அது நோயாளியைப் பற்றிய இடம். அந்தச் சொல்லில் என்னையும் சேர்த்துக்கொண்டாராம்.

இனி, அவர் என்ன படித்தார் என்று சொல்கிறேன். தோரா என்றால் முதலில் மோசேயின் ஐந்து ஆகமங்கள். அதை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஒன்றாக, சில வாரம் இரண்டாக, ஜெப ஆலயத்தில் ஓராண்டில் வாசித்து முடிப்பார்கள். முடித்த அன்றே ஆதியாகமத்தைத் திரும்பத் தொடங்கிவிடுவார்கள். திங்கள், வியாழன், ஓய்வுநாளான சனி ஆகிய மூன்று நாளும் பொதுவாசிப்பு உண்டு. மூன்று நாள் தோரா இல்லாமல் கழியக் கூடாது என்பது பழங்காலத்து விதி. ஆனால் தோரா அதோடு நிற்கவில்லை. எழுத்தில் இருப்பதற்கு வாய்வழியாக வந்த விளக்கமும் தோராதான் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த வாய்மொழிச் சட்டங்களைக் கி.பி. 200 வாக்கில் ரபி யூதா ஹனாசி தொகுத்தார். ரபி என்றால் யூத வேத ஆசான். அது மிஷ்னா. அதன் மேல் பாபிலோனில் தலைமுறை தலைமுறையாக நடந்த விவாதங்கள் கெமாரா. இரண்டும் சேர்ந்தது தல்மூத். சபா படித்தது அதைத்தான்.

தல்மூத்தின் ஓர் ஏட்டைப் பார்த்தால் நம் ஊர் உரைநூல் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். நடுவில் கட்டமாக மூலம். புத்தகத்தின் முதுகுப் பக்கம் ராஷியின் உரை. அவர் பிரான்ஸில் திரோயா நகரத்துக்காரர், 1105-இல் மறைந்தவர். எதிர்ப் பக்கம் அவருடைய பேரன்களும் அவர்கள் வழி வந்தவர்களும் எழுதியது. தாத்தா சொன்னதையே மடக்கிக் கேள்வி கேட்கும் உரை அது. ஓரங்களில் இன்னும் சிறிய எழுத்தில் குறிப்புகள். நிறுத்தக்குறி கிடையாது. உயிர்க்குறியும் கிடையாது. எங்கே கேள்வி முடிகிறது, எங்கே பதில் தொடங்குகிறது என்பதைப் படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகவே ஒரு ராகம் வைத்திருக்கிறார்கள். கேள்வி வந்தால் குரல் ஏறும், பதில் வந்தால் இறங்கும். சபா ஒரு கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்பார். மற்றக் கையின் கட்டைவிரலால், மாவு தோண்டி எடுப்பதுபோல், காற்றைத் தோண்டித் தோண்டி மேலே தூக்குவார். நான் சமையலறையில் ஓட்ஸ் கிண்டிக்கொண்டிருக்கும்போதே, இன்றைய ஏடு சுலபமா கடினமா என்று அந்த ராகத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

இன்னொரு விசேஷம். தல்மூத்தில் எந்தப் பகுதியை எடுத்தாலும் முதல் ஏடு கிடையாது. பெரும்பாலும் இரண்டாம் ஏட்டில்தான் தொடங்கும். தலைப்புத் தாளை ஒன்று என்று அச்சகத்தார் எண்ணிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் பக்தர்கள் வேறு காரணம் சொல்வார்கள். எவ்வளவு படித்தவனும் தான் இன்னும் முதல் ஏட்டைக்கூடத் தொடவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டுமாம்.

மொத்தம் 2,711 ஏடுகள். நாளுக்கு ஒன்று என்று படித்தால் ஏழரை ஆண்டு ஆகும். இந்த முறைக்கு ‘தஃப் யோமி’ என்று பெயர். தஃப் என்றால் ஏடு, யோமி என்றால் அன்றாடம். தொடங்கி நூறாண்டுதான் ஆகிறது. 1923-இல் வியன்னாவில் பக்தியுள்ள யூதர்களின் மாநாடு ஒன்று கூடியது. அதில் மேயிர் ஷப்பிரோ என்ற போலந்து நாட்டு ரபி எழுந்து இதை முன்வைத்தார். அப்போது அவருக்கு 36 வயது. அதுவரை எல்லாரும் பிரபலமான சில பகுதிகளையே திரும்பத் திரும்பப் படித்தார்கள், மற்றவை தூசி படிந்து கிடந்தன. உலகம் முழுவதும் ஒரே நாளில் ஒரே ஏட்டைப் படித்தால் எப்படியிருக்கும் என்று கேட்டார். ஒருவர் கையில் தல்மூத்தோடு கப்பல் ஏறுகிறார், இரண்டு வாரம் கழித்து அமெரிக்காவில் இறங்கி முன்பின் தெரியாத ஒரு படிப்பு மண்டபத்துக்குள் போகிறார், அங்கேயும் அதே ஏட்டை விரித்து வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு காட்சியை அவர் சபை முன் வைத்ததாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 11, யூதப் புத்தாண்டு நாளில் முதல் சுற்று தொடங்கியது. பத்தாண்டில், 46 வயதில், அவர் மறைந்துவிட்டார். அவருடைய சொந்தப் பிள்ளைகள் என்று யாரும் இல்லை. ஏடு மட்டும் நிற்கவே இல்லை. இப்போது நடப்பது 14-ஆம் சுற்று. 2020 ஜனவரி 5-இல் தொடங்கியது, 2027 ஜூன் 7-இல் முடியும்.

வேகம் அதிகம், ஆழம் போதாது என்று குறை சொல்கிற அறிஞர்களும் அவர்களுக்குள் உண்டு. பெரிய கல்விக்கூடங்களில் ஒரே ஏட்டை ஒரு வாரம், ஒரு மாதம் என்று அலசுவார்கள். சபா இதை மறுத்தது இல்லை. “அவர்கள் கிணறு வெட்டுகிறார்கள். நான் தினமும் ஒரு குடம் எடுத்து வருகிறேன்” என்பார்.

ஒருநாள் நான் ஒரு தவறு செய்தேன். அவரைக் குளியலறைக்கு அழைத்துப் போகும் அவசரத்தில், திறந்திருந்த புத்தகத்தைப் பக்கம் மாறாமல் இருக்கட்டும் என்று அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டேன். மாத்திரைப் பெட்டியையும் அதன் மேல் வைத்தேன். திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கோபப்படவில்லை. நடக்க முடியாத மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு தானே போய், பெட்டியை எடுத்துக் கீழே வைத்து, புத்தகத்தை நிமிர்த்தி, முத்தமிட்டு, மூடி வைத்தார். கவிழ்த்து வைக்கக் கூடாது. திறந்தபடி விட்டுப் போகவும் கூடாது. கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட வேண்டும். கிழிந்து பயன்படாமல் போனாலும் குப்பையில் போட மாட்டார்கள், மனிதரைப்போல் மண்ணில் அடக்கம் செய்வார்கள். காலில் புத்தகம் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊரிலிருந்து போனவன் நான். எனக்கே தெரிந்திருக்க வேண்டியதை மறந்தேன்.

அன்று மாலை மூத்த மகன் அந்தப் புத்தகத்தின் கதையைச் சொன்னார். 1242-இல் பாரிஸ் நகரத்தில் 24 வண்டி நிறையத் தல்மூத் சுவடிகளைக் கொட்டி எரித்தார்கள். 1553-இல் ரோமாபுரியில் மறுபடியும் எரித்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, நாஜி முகாம்களில் உயிர் தப்பிய யூதர்கள் ஜெர்மனியிலேயே தங்கவைக்கப்பட்டிருந்தபோது, படிக்க ஒரு முழுத் தல்மூத்கூடக் கிடைக்காமல் தவித்தார்கள். ரபிகள் கேட்டுக்கொண்டதன்பேரில் அமெரிக்க ராணுவம் உதவி செய்ய, ஹைடல்பெர்க் நகரத்து அச்சகத்தில் 19 தொகுதிகளாக அதை அச்சிட்டார்கள். அதன் முகப்பில் கீழே முள்வேலி முகாமும் மேலே பேரீச்ச மரங்களோடு இஸ்ரேல் நாடும் வரைந்திருக்கும். இதையெல்லாம் கேட்ட பிறகு அந்தக் கனத்த புத்தகத்தைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் என் கை தானாகவே மெதுவாக நகரும்.

சாயங்காலப் படிப்பு வேறு மாதிரி. ஏழு மணிக்கு ஒரு நண்பர் வருவார். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், சபாவைவிட நான்கு வயது இளையவர். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஏட்டைத் திறப்பார்கள். பத்து நிமிஷத்தில் சத்தம் தொடங்கும். மேசையில் அடி விழும். “நீ ராஷியைப் படித்தாயா, இல்லையா?” என்று ஒருவர். “நீ படித்ததுதான் தப்பு” என்று மற்றவர். முதல் வாரம் நான் பயந்துபோய் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏடு முடிந்ததும் தேநீர், கேக், பேரப்பிள்ளைகள் கதை. மறுநாள் ஏழு மணிக்கு மறுபடியும் சண்டை.

இப்படிச் சேர்ந்து படிக்கிற துணைக்கு ‘ஹவ்ரூத்தா’ என்று பெயர். தனியாகப் படிப்பதை அவர்கள் விரும்புவதில்லை. அதற்குத் தல்மூத்திலேயே ஒரு கதை இருக்கிறது. ரேஷ் லாக்கிஷ் என்பவர் கொள்ளைக்காரராக இருந்து திருந்தியவர். லாக்கிஷின் மகன் என்றும் அவரைச் சொல்வார்கள். ரபி யோஹனான் அவரைப் படிக்க வைத்து, தன் தங்கையையும் கட்டிக்கொடுத்து, படிப்புத் துணையாக வைத்துக்கொண்டார். ஒருநாள் கத்தி, வாள் பற்றிய ஒரு சட்டத்தில் இருவருக்கும் வாதம். “கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியாதா?” என்று யோஹனான் ஒரு சொல் சொல்லிவிட்டார். அந்தச் சொல் பிரித்துவிட்டது. ரேஷ் லாக்கிஷ் நோய்ப்பட்டு இறந்தார். யோஹனான் துக்கத்தில் உருகுவதைப் பார்த்து, வேறொரு நல்ல அறிஞரைத் துணையாக அனுப்பினார்கள். அவர் யோஹனான் சொல்வதற்கெல்லாம் “நீங்கள் சொல்வது சரி, இதற்கு ஆதாரமும் இருக்கிறது” என்றார். யோஹனான் சொன்னார்: “நான் ஒன்று சொன்னால் லாக்கிஷின் மகன் 24 மறுப்புச் சொல்வான். நான் 24 பதில் சொல்வேன். அப்படித்தான் சட்டம் தெளிந்தது. நீ என்னவோ எனக்கு ஆதாரம் கொடுக்கிறாய். நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா?” பிறகு உடையைக் கிழித்துக்கொண்டு, “எங்கே இருக்கிறாய், லாக்கிஷின் மகனே” என்று அழுதுகொண்டே அலைந்து, புத்தி பேதலித்து, அவரும் போய்ச்சேர்ந்தார்.

சபா இந்தக் கதையைச் சொல்லும்போது வாத்தியார் தலைகுனிந்து தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். தன்னோடு முரண்படுகிறவனைக் கடவுள் கொடுத்த வரமாக நினைக்கும் ஒரு பக்தியை நான் அங்கேதான் பார்த்தேன். ஹில்லேல் என்ற ஆசானின் சீடர்களுக்கும் ஷம்மாய் என்ற ஆசானின் சீடர்களுக்கும் மூன்றாண்டு நடந்த ஒரு வழக்கைப் பற்றியும் தல்மூத் சொல்கிறது. கடைசியில் வானிலிருந்து ஒரு குரல் கேட்டதாம். ‘இதுவும் அதுவும் ஜீவனுள்ள தேவனுடைய வார்த்தைகளே. நடைமுறைக்கு ஹில்லேல் பக்கம்.’ அவர்கள் பக்கம் ஏன் தீர்ப்பு? பணிவானவர்கள். எதிர்க்கட்சி சொன்னதையும் சேர்த்துப் படித்தார்கள், அதையும் தங்கள் கருத்துக்கு முன்னால் சொன்னார்கள். தோற்ற கட்சியின் கருத்தையும் இன்றுவரை ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. விடை கிடைக்காத கேள்விகளும் இருக்கின்றன. அங்கே ‘தேய்க்கு’ என்று ஒரு சொல் நிற்கும். ‘கேள்வி அப்படியே இருக்கட்டும்’ என்று பொருள்.

2018 மழைக்காலத்தில் சபாவின் மனைவி காலமானார். அன்றே அடக்கம். அவர்கள் வழக்கப்படி ஏழு நாள் துக்கம். கண்ணாடிகளைத் துணியால் மூடினார்கள். சபா குட்டை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஐந்தேகால் மணிக்கு வழக்கம்போல் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். வேண்டாம். மறுநாளும் வேண்டாம். மூன்றாம் நாளும் வேண்டாம்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மனுஷன் உடைந்துபோய்விட்டார், கடவுள்மேல் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது என்று நினைத்தேன். எங்கள் வீடுகளில் சாவு விழுந்தால் வேதத்தைத் திறந்துதான் ஆறுதல் தேடுவோம். மூத்த மகனை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை என்னால் மறக்கவே முடியாது. “துக்கத்தில் இருப்பவர் தோரா படிக்கக் கூடாது. அது சட்டம். ஏனென்றால் தோரா படித்தால் சந்தோஷம் வந்துவிடும்.”

சங்கீதம் 19 எனக்குத் தெரிந்ததுதான். ‘கர்த்தருடைய நியாயங்கள் செம்மையும், இருதயத்தைச் சந்தோஷிப்பிக்கிறதுமாயிருக்கிறது.’ எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அதை இவ்வளவு நிஜமாக எடுத்துக்கொண்டு, துக்க வீட்டில் இறைச்சி, மதுவை விலக்குவதுபோல் படிப்பை விலக்கி வைப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அந்த ஏழு நாளில் படிக்கலாம் என்று அனுமதித்திருப்பது யோபு, புலம்பல் என்னும் வேதப் புத்தகங்கள், துக்கத்தின் சட்டங்கள், இப்படிச் சில மட்டும். சபா யோபைப் படித்தார். அந்தக் கட்டைவிரல் அசையவே இல்லை. எட்டாம் நாள் காலை, விட்டுப்போன ஏடுகளோடு சேர்த்துப் படிக்க உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ராகம் ஏறியது. நான் சமையலறையில் நின்று அழுதேன்.

2020 மார்ச் மாதம் கொரோனா வந்தது. ஜெப ஆலயங்களை மூடினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் பினே பிராக் ஊரையே அடைத்துவிட்டார்கள், சாலையில் போலீஸ். ஜனங்கள் அவரவர் பால்கனியில் நின்று சேர்ந்து ஜெபம் செய்தார்கள். ஒரு வீட்டிலிருந்து தொடங்கும் ஜெபத்துக்கு எதிர்வீட்டு மாடி ஆமென் சொல்லும். வாத்தியார் வர முடியாது. ஏழு மணிக்குத் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு ரொட்டித் தட்டின் மேல் சாய்த்து வைப்பேன். சண்டை அதன் வழியாகவே நடந்தது.

ஏப்ரல் 6, திங்கட்கிழமை. பஸ்கா பண்டிகைக்கு இரண்டு நாள் இருந்தது. அன்றைய ஏடு, ஓய்வுநாள் சட்டங்களைச் சொல்லும் பகுதியில் 31-ஆவது. அந்த ஏட்டில் ஒரு புகழ்பெற்ற கதை இருக்கிறது. யூதனல்லாத ஒருவன் ஷம்மாயிடம் வந்து, “நான் ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் தோரா முழுவதையும் சொல்லிக்கொடு” என்றான். அவர் கையிலிருந்த அளவுகோலால் தள்ளி விரட்டினார். ஹில்லேலிடம் போனான். “உனக்கு எது வெறுப்போ அதை அடுத்தவனுக்குச் செய்யாதே. தோரா முழுவதும் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு உரை. போய்ப் படி” என்றார் ஹில்லேல். உலகமே முதல் பாதியை மேற்கோள் காட்டுகிறது என்றார் சபா. அவருக்கு முக்கியமாகப் பட்டது கடைசி இரண்டு சொல். போய்ப் படி. எதை வெறுக்கிறோம், எது அடுத்தவனை நோகடிக்கும் என்று தினமும் படித்துப் படித்துத்தானே தெரியும்? மாடு முட்டினால் யார் நஷ்டம் கொடுப்பது, கண்டெடுத்த பணப்பையை எத்தனை நாள் வைத்திருப்பது, கூலியை எப்போது கொடுப்பது என்று ஆயிரம் ஏடு இருப்பது அதற்குத்தான்.

அதே ஏட்டில் இன்னொன்றும் வருகிறது. மனிதன் இறந்து தீர்ப்புக்கு நிற்கும்போது கேட்கும் கேள்விகள். முதல் கேள்வி: கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக இருந்தாயா? இரண்டாவது: தோராவுக்கு நேரம் குறித்து வைத்தாயா? சபா இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தராசுத் தட்டைப் பிடிப்பதுபோல் கையை ஏந்திக் காட்டினார். “முதலில் தராசு. அப்புறம்தான் புத்தகம்.” தொலைபேசியில் வாத்தியார், “வரிசையை விடு, எத்தனை கேள்வி என்று எண்ணு” என்று சத்தம் போட்டார். ஊரடங்கிய அந்த ராத்திரியில் தெருவில் வேறு சத்தமே இல்லை.

ஆகஸ்டில் அந்தப் பகுதி முடிந்தது. ஒரு பகுதியை முடிப்பதற்கு ‘சியூம்’ என்று பெயர். கல்யாணம்போல் அதற்கும் ஒரு விருந்து உண்டு. அதற்குரிய ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும். கீழே முற்றத்தில் இடைவெளி விட்டு நின்றார்கள். சக்கர நாற்காலியில் சபாவை இறக்கினேன். முடிக்கும்போது புத்தகத்தைப் பார்த்தே பேசுகிறார்கள். ‘நாங்கள் உன்னிடம் திரும்பி வருவோம், நீ எங்களிடம் திரும்பி வருவாய். எங்கள் நினைவு உன்மேல், உன் நினைவு எங்கள்மேல். நாங்கள் உன்னை மறக்க மாட்டோம், நீயும் எங்களை மறக்க மாட்டாய். இந்த உலகத்திலும் இல்லை, வரும் உலகத்திலும் இல்லை.’ மூன்று தடவை சொன்னார். கைதட்டினார்கள். கேக்கை வெட்டுவதற்கு முன்பே அடுத்த பகுதியைத் திறந்து, ஒரு சந்தின் வாசல் இருபது முழத்துக்கு மேல் உயரமாக இருந்தால் என்ன செய்வது என்ற முதல் வரியைப் படித்துவிட்டார்.

பெரிய சுற்று முடியும்போது நடக்கும் விழா இன்னொரு அளவு. 2020 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் விளையாட்டரங்கில், கடுங்குளிரில், ஏறக்குறைய 90,000 பேர் கூடினார்கள். அதே வாரம் ஜெருசலேமில் பெண்கள் தங்களுக்கென்று ஒரு விழா நடத்தினார்கள். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. நூற்றாண்டுக் கணக்காகத் தல்மூத் ஆண்களின் மேசையில்தான் இருந்தது. 1917-இல் சாரா ஷெனிரெர் என்ற தையல்காரப் பெண் போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கியதே அன்று பெரிய காரியம். சபாவின் குடும்பம்போல் பழமை காக்கும் வீடுகளில் பெண்கள் இன்னும் கெமாரா படிப்பதில்லை. வேதமும் நீதி போதனையும் படிக்கிறார்கள். ஆனால் வேறு வட்டாரங்களில் பெண்கள் ஏழரை ஆண்டுச் சுற்றை முழுமையாக முடிக்கிறார்கள், மற்றவர்களுக்குக் கற்றும் கொடுக்கிறார்கள்.

கடைசி இரண்டு வருஷம் சபாவுக்கு ஞாபகம் குறையத் தொடங்கியது. நேற்றைய ஏட்டில் என்ன வந்தது என்று கேட்டால் தெரியாது. சில நாள் காலையில் படித்ததையே மாலையில் புதிதாகப் படிப்பதுபோல் படிப்பார். வாத்தியார் அப்போதும் சண்டை போட்டார், கொஞ்சம் மெதுவாக. ஒருநாள் நான் மகனிடம் கேட்டேன். மனசில் நிற்காததை எதற்காக அவர் இத்தனை சிரமப்பட்டுப் படிக்க வேண்டும்?

அவர், கடவுளின் பத்துக் கட்டளைகள் எழுதிய மோசேயின் கற்பலகைகளைப் பற்றிக் கேட்டார். தெரியும் என்றேன். மலையிலிருந்து இறங்கி, ஜனங்கள் கன்றுக்குட்டியை வணங்குவதைக் கண்டு மோசே முதல் பலகைகளை உடைத்தார். பிறகு இரண்டாவது ஜோடி எழுதப்பட்டது. “அந்த உடைந்த துண்டுகள் என்ன ஆயின?” என்றார். ஞாயிறு பள்ளியில் எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. தல்மூத் சொல்கிறது, முழுப் பலகைகளோடு உடைந்த துண்டுகளையும் அதே உடன்படிக்கைப் பெட்டியில் வைத்திருந்தார்கள் என்று. எதற்காக அதைச் சொல்கிறது? தன் வசத்தில் இல்லாத காரணத்தால் படித்ததை மறந்துபோன முதியவரிடம் கவனமாக நடந்துகொள் என்பதற்காக. அன்றைக்குப் பிறகு நான் சபாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது அந்தப் பெட்டியை நினைத்துக்கொள்வேன்.

2022-இல் என் தகப்பனாருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனது. நான் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. வேறொரு தம்பி வேலைக்கு வந்துவிட்டான். கடைசி நாள் காலை, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். சபா ஏட்டின் நடுவில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அன்று அவருக்கு எல்லாம் நினைவில் இருந்தது. என் ஊர், எங்கள் வீட்டுப் பசு, அப்பா தோட்டத்தில் விழுந்தது, எல்லாம் கேட்டார்.

நண்பரைப் பிரியும்போது தோராவின் சட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லித்தான் பிரிய வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அந்த வார்த்தையால் இவரை அவர் நினைத்துக்கொள்வார். சபா என் கையைப் பிடித்துக்கொண்டார். உபாகமம் 11-இல், ‘உன் மிருகஜீவன்களுக்குப் புல் முளைக்கச் செய்வேன்’ என்று முதலில் வருகிறது, ‘நீ சாப்பிட்டுத் திருப்தியடைவாய்’ என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது, அந்த வரிசையைக் கவனித்தாயா என்று கேட்டார். அதனால் வீட்டில் மாடு இருப்பவன் அதற்குத் தீனி போடாமல் தான் சாப்பிட உட்காரக் கூடாது. “உனக்கு மாடு இருக்கிறது. இது உனக்குச் சொன்னது” என்றார். பிறகு உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் படியிறங்கும்வரை அந்த ராகம் கேட்டது.

இன்று காலையும் பசுவுக்கு வைக்கோலும் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் சாயா குடித்தேன். குடித்துவிட்டு பஸ் ஏறி இங்கே வந்தேன். வணக்கம்.